அடர்த்தி: எண்ணெய் பாக்கெட்டிலிருந்து தொடங்கி, கணக்கு போடும் வரை

வீட்டில் சமையல் எண்ணெய் பாக்கெட் இருந்தால் எடுத்து, நிகர அளவு என்று அச்சடித்திருக்கும் இடத்தைப் பாருங்கள். 1 லிட்டர் என்று இருக்கும். பக்கத்திலேயே 910 கிராம் என்றும் இருக்கும். பக்கத்து வீட்டுப் பெண், ஒன்பதாவது படிக்கிறாள், ஒருநாள் இதைக் கொண்டுவந்து காட்டி, "அண்ணா, 1 லிட்டர்னா 1 கிலோதானே, மீதி 90 கிராம் எங்க போச்சு?" என்று கேட்டாள். அவளுடைய அறிவியல் நோட்டில் அடர்த்தி என்பதற்கு வரையறை இருந்தது, சூத்திரம் இருந்தது, தேர்வில் அதற்கு முழு மதிப்பெண்ணும் வாங்கியிருந்தாள். அந்தச் சூத்திரத்துக்கும் கையில் இருக்கும் பாக்கெட்டுக்கும் தொடர்பு உண்டு என்றுதான் யாரும் சொல்லியிருக்கவில்லை.

அன்று அவளோடு உட்கார்ந்து செய்தவற்றை இங்கே வரிசையாக எழுதுகிறேன். சமையலறைத் தராசு ஒன்று, மில்லிலிட்டர் கோடு போட்ட அளவு ஜாடி ஒன்று இருந்தால் பெரும்பாலானவற்றை நீங்களும் செய்து பார்க்கலாம்.

முதலில் கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள்

"இரும்பு கனமா, பஞ்சு கனமா?" என்று கேட்டால் எல்லோரும் இரும்பு என்பார்கள். ஒரு மூட்டைப் பஞ்சையும் ஒரு ஆணியையும் எதிரெதிரே வைத்தால் பஞ்சுதான் கனம். அப்படியென்றால் நாம் மனதில் நினைத்தது வேறு: இரண்டையும் ஒரே அளவு இடத்தில் அடைத்தால் எது கனம்? இதுதான் அடர்த்தி. கேள்வியை இன்னும் துல்லியமாக்கினால், ஒரு சென்டிமீட்டர் நீளம், ஒரு சென்டிமீட்டர் அகலம், ஒரு சென்டிமீட்டர் உயரம் உள்ள குட்டிப் பெட்டி ஒன்றில் அந்தப் பொருள் எத்தனை கிராம் இருக்கும்?

தண்ணீர் என்றால் 1 கிராம். எண்ணெய் 0.91, கண்ணாடி சுமார் 2.5, அலுமினியம் 2.7, இரும்பு 7.87, செம்பு 8.96, வெள்ளி 10.5, ஈயம் 11.3, பாதரசம் 13.6, தங்கம் 19.3. ஒரே பெட்டிதான், உள்ளே இருக்கும் பொருள்தான் மாறுகிறது. அணுக்கள் ஒவ்வொன்றும் எவ்வளவு கனம், அவை எவ்வளவு நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன என்ற இரண்டும் சேர்ந்துதான் இந்த எண்ணை முடிவு செய்கின்றன.

ஒரு லிட்டர் என்பது இப்படிப்பட்ட 1000 குட்டிப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் 0.91 கிராம் எண்ணெய் என்றால் மொத்தம் 910 கிராம். 90 கிராம் எங்கும் போகவில்லை. லிட்டர் என்பது இடத்தின் அளவு, கிலோ என்பது பொருளின் அளவு, தண்ணீருக்கு மட்டும் இரண்டும் ஒரே எண்ணாக வருவதால் நமக்குக் குழப்பம் வந்துவிடுகிறது.

நிறை, பருமன், எடை: சொற்களைச் சரிசெய்துகொள்வோம்

பொருள் எவ்வளவு இருக்கிறது என்பது நிறை, அலகு கிராம் அல்லது கிலோகிராம். அது எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பது பருமன் (கன அளவு என்றும் சொல்வார்கள்), அலகு கன சென்டிமீட்டர், கன மீட்டர், மில்லிலிட்டர், லிட்டர். எடை என்பது பூமி அந்தப் பொருளை இழுக்கும் விசை, அதன் அலகு நியூட்டன். கடையில் எடை என்று நாம் சொல்வதெல்லாம் அறிவியல் பாடத்தில் நிறை. நிலவுக்கு எடுத்துப்போனாலும் நிறை மாறாது, எடை குறையும். அடர்த்திக்கு நமக்கு வேண்டியது நிறைதான்.

இலங்கைப் பாடப்புத்தகம் வைத்துப் படிப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் கவனமாக இருங்கள். அங்கே திணிவு என்பதுதான் நாங்கள் சொல்லும் நிறை, அங்கே நிறை என்றால் நாங்கள் சொல்லும் எடை, பருமனைக் கனவளவு என்பார்கள். அடர்த்தி மட்டும் இரு பக்கமும் அடர்த்திதான். இணையத்தில் தமிழ்க் குறிப்புகளைத் தேடிப் படிக்கும் பிள்ளைகள் இதில் மாட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

சூத்திரத்தை மனப்பாடம் செய்யத் தேவையில்லை

அடர்த்தி = நிறை ÷ பருமன். தேர்வுப் பதற்றத்தில் எதை எதால் வகுப்பது என்று மறந்துபோனால் அலகைப் பாருங்கள். கிராம்/செ.மீ³ என்று எழுதும்போதே மேலே கிராம், கீழே கன சென்டிமீட்டர். அந்தச் சாய்கோடுதான் வகுத்தல். அலகுக்குள்ளேயே சூத்திரம் இருக்கிறது.

மற்ற இரண்டு வடிவங்களையும் தனியாகப் படிக்க வேண்டாம், அந்தக் குட்டிப் பெட்டியை நினைத்தால் போதும். ஒரு பெட்டியில் 2.7 கிராம், இப்படி 40 பெட்டி இருக்கிறது, மொத்தம் எவ்வளவு? பெருக்க வேண்டும்: 108 கிராம். ஒரு பெட்டியில் 2.7 கிராம்தான் பிடிக்கும், என்னிடம் 540 கிராம் இருக்கிறது, எத்தனை பெட்டி வேண்டும்? வகுக்க வேண்டும்: 200. நிறையைக் கண்டுபிடிப்பதும் பருமனைக் கண்டுபிடிப்பதும் இவ்வளவுதான்.

இப்போது அலகு மாற்றம். இங்கேதான் மதிப்பெண் போகிறது. 1 மீட்டர் 100 சென்டிமீட்டர் என்பதால் 1 கன மீட்டரும் 100 கன சென்டிமீட்டர்தான் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். நீளத்தில் 100, அகலத்தில் 100, உயரத்தில் 100, ஆக 100 × 100 × 100 = 10 லட்சம் குட்டிப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் 1 கிராம் தண்ணீர் என்றால் 10 லட்சம் கிராம், அதாவது 1000 கிலோ, அதாவது ஒரு டன். ஆகவே 1 கிராம்/செ.மீ³ = 1000 கி.கி/மீ³. இரும்பு 7.87 கிராம்/செ.மீ³ என்றால் 7870 கி.கி/மீ³. கிராமிலிருந்து கிலோவுக்குப் போகும்போது ஆயிரத்தால் பெருக்குவதா வகுப்பதா என்று சந்தேகம் வந்தால் தண்ணீரை வைத்துச் சரிபாருங்கள். மொட்டைமாடியில் இருக்கும் 1000 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி நிரம்பினால் ஒரு டன் என்பது மனதில் இருந்தால் இந்தத் தப்பு வரவே வராது.

ஒப்படர்த்தி என்று ஒன்றும் பாடத்தில் வரும். பொருளின் அடர்த்தியைத் தண்ணீரின் அடர்த்தியால் வகுத்தது, அவ்வளவே. அதற்கு அலகு கிடையாது.

அளவிடுவது: ஒழுங்கான வடிவம்

செங்கல்லை எடுத்துக்கொள்வோம். 19 செ.மீ நீளம், 9 அகலம், 9 உயரம். பெருக்கினால் 1539 செ.மீ³. தராசில் 2770 கிராம் காட்டினால் 2770 ÷ 1539 = 1.80 கிராம்/செ.மீ³. செங்கல்லின் மேல்பக்கம் குழி இருந்தால் உண்மையான பருமன் இதைவிடக் குறைவு, அதனால் அடர்த்தி கொஞ்சம் கூடும். இதே செங்கல்லைத் தண்ணீரில் போட்டு அளக்கப் பார்க்காதீர்கள், அது தண்ணீரைக் குடிக்கும். குமிழி குமிழியாகக் காற்று வெளியே வருவதைப் பார்த்திருப்பீர்கள்.

உருளை என்றால் 22/7 × ஆரம் × ஆரம் × உயரம். கோளம் என்றால் 4/3 × 22/7 × ஆரம் மும்முறை. விட்டத்தை அளந்துவிட்டு பாதியாக்க மறப்பது இங்கே வழக்கமான தவறு. உருளைக்கு விடை நாலில் ஒரு பங்காகவும், கோளத்துக்கு எட்டில் ஒரு பங்காகவும் வந்தால் இந்தத் தவறுதான் நடந்திருக்கிறது என்று உடனே புரிந்துகொள்ளலாம்.

அளவிடுவது: ஒழுங்கில்லாத வடிவம்

இதில் கொஞ்சம் நின்று செய்வோம். வாசலில் கிடந்த ஒரு கருங்கல் ஜல்லியைக் கழுவி, துடைத்து, தராசில் வைத்தோம்: 96 கிராம். இந்த வரிசை முக்கியம், நிறையை முதலில் எடுங்கள். நனைந்த பிறகு எடுத்தால் ஒட்டியிருக்கும் தண்ணீரும் சேர்ந்துவிடும்.

அளவு ஜாடியில் 50 மி.லி. தண்ணீர் ஊற்றினோம். கல்லை மேலிருந்து போட்டால் தண்ணீர் தெறிக்கும், கண்ணாடி ஜாடியாக இருந்தால் அடி உடையும். கல்லில் மெல்லிய தையல் நூலைக் கட்டி, ஜாடியைச் சற்றுச் சாய்த்து, சுவரோடு வழுக்கவிட்டு மெல்ல இறக்க வேண்டும். கல்லில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் ஜாடியை விரலால் சுண்டுங்கள், அது மேலே போய்விடும். குமிழியும் இடம் பிடிக்கும் என்பதை மறக்கக் கூடாது.

இப்போது நீர்மட்டம். அந்தப் பெண் நின்றபடியே குனிந்து பார்த்து 89 என்றாள். 89 − 50 = 39 மி.லி., 96 ÷ 39 = 2.46. ஜாடியை மேசையில் வைத்து, முட்டிபோட்டு, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராகக் கொண்டுவந்து மறுபடி பார்க்கச் சொன்னேன். தண்ணீரின் மேல்பரப்பு தட்டையாக இருக்காது, ஓரங்களில் ஏறி நடுவில் பிறை மாதிரி வளைந்திருக்கும். அந்த வளைவின் அடிப்பகுதி எந்தக் கோட்டில் இருக்கிறதோ அதுதான் அளவு. 86. ஆக 36 மி.லி., 96 ÷ 36 = 2.67 கிராம்/செ.மீ³. கிரானைட் வகைக் கற்களுக்கு 2.6 முதல் 2.7 வரைக்குள்தான் வரும், சரியாகப் பொருந்தியது. தப்பு கல்லிலும் இல்லை, கணக்கிலும் இல்லை, கண் இருந்த உயரத்தில்தான் இருந்தது.

அடுத்து கோலிக்குண்டு. ஒரே ஒரு கோலியைப் போட்டால் மட்டம் ஏறுவது 2 மி.லி. அளவுதான். உங்கள் கண் அரை மி.லி. தவறினால் அதுவே 25 சதவீதப் பிழை. பத்து கோலிகளைப் போடுங்கள். எங்களுக்கு 54 கிராம், ஏற்றம் 21.5 மி.லி., அடர்த்தி 2.51. அரை மி.லி. பிழை இப்போதும் இருக்கலாம், ஆனால் 21.5இல் அது இரண்டு சதவீதம்தான். சின்னப் பொருள் எதுவானாலும் பத்தாகச் சேர்த்து அளங்கள். செய்முறைத் தேர்வில் நேரம் குறைவாக இருந்தாலும் இதை விடாதீர்கள்.

மிதக்கும் பொருள் என்றால்? மெழுகுவர்த்தித் துண்டு 27 கிராம். தனியாகப் போட்டால் மிதந்துகொண்டு முழுப் பருமனையும் காட்டாது. அதே ஜல்லிக்கல்லை மட்டும் தண்ணீரில் இறக்கி மட்டத்தைக் குறித்துக்கொண்டோம், 86. பிறகு கல்லையும் மெழுகையும் ஒரே நூலில் சேர்த்துக் கட்டி இறக்கினோம், 116. வித்தியாசம் 30 மி.லி., அது மெழுகின் பருமன். 27 ÷ 30 = 0.90.

கரையும் பொருள் என்றால் தண்ணீரை விட்டுவிட்டு, அது கரையாத திரவத்தில் அளக்க வேண்டும். கல்கண்டுக்கும் உப்புக்கும் சமையல் எண்ணெய் போதும். பருமனை அளக்க எந்தத் திரவமானாலும் சரிதான், மட்டம் ஏறுவதுதான் நமக்கு வேண்டும்.

திரவம், அப்புறம் காற்று

திரவத்துக்கு வேலை சுலபம். காலி ஜாடியின் நிறை 62 கிராம். 50 மி.லி. தேங்காய் எண்ணெய் ஊற்றியபின் 108. எண்ணெய் மட்டும் 46 கிராம். 46 ÷ 50 = 0.92. ஜாடியின் நிறையைக் கழிக்க மறந்தால் 2.16 வரும். எண்ணெயின் அடர்த்தி 2.16 என்று விடை வந்தால் அது தண்ணீருக்கு அடியில் போய்விட வேண்டும், ஆனால் மேலே மிதப்பதை தினமும் ரசத்தில் பார்க்கிறோமே. விடை வந்ததும் இப்படி ஒருமுறை வீட்டில் பார்த்ததோடு ஒட்டிப் பாருங்கள். இந்தப் பழக்கம் ஒன்று இருந்தாலே பாதித் தவறுகள் உங்களுக்கே பிடிபட்டுவிடும்.

காற்றுக்கும் அடர்த்தி உண்டு, சுமார் 1.2 கி.கி/மீ³. 8 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள வகுப்பறையில் எவ்வளவு காற்று இருக்கும்? 8 × 6 × 3 = 144 மீ³. 144 × 1.2 = 172.8 கிலோ. மூன்று பேரின் எடைக்கு மேல் காற்று அந்த அறையில் இருக்கிறது. இந்தக் கணக்கைச் சொன்னதும் அவள் நோட்டை மூடிவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

அரிசி ஏன் மூழ்குகிறது?

ஒரு லிட்டர் அளவுப் பாத்திரம் நிறைய அரிசி எடுத்து நிறுத்துப் பாருங்கள், சுமார் 800 கிராம்தான் இருக்கும். 800 ÷ 1000 = 0.8 கிராம்/செ.மீ³. தண்ணீரைவிடக் குறைவு. அப்படியென்றால் அரிசி களையும்போது மிதக்க வேண்டுமே? மூழ்குகிறது.

100 மி.லி. அரிசியை (80 கிராம்) 100 மி.லி. தண்ணீர் இருக்கும் பெரிய ஜாடியில் கொட்டுங்கள். மட்டம் 200க்குப் போகாது, 155 பக்கம் நின்றுவிடும். அரிசிமணிகள் உண்மையில் பிடித்த இடம் 55 மி.லி.தான், மீதி 45 மணிகளுக்கு இடையில் இருந்த காற்று. 80 ÷ 55 = சுமார் 1.45. இதுதான் அரிசிமணியின் அடர்த்தி. 0.8 என்பது அரிசியும் காற்றும் சேர்ந்த குவியலின் அடர்த்தி. மணல், சிமென்ட், மாவு எல்லாவற்றுக்கும் இந்த இரண்டு எண்கள் உண்டு, கேள்வி எதைக் கேட்கிறது என்று பார்த்துத்தான் எழுத வேண்டும். எஃகுக் கப்பல் மிதப்பதும் இதே காரணத்தால்தான். எஃகின் அடர்த்தி 7.8 பக்கம், ஆனால் கப்பல் என்பது எஃகும் உள்ளே இருக்கும் காற்றும் சேர்ந்த மொத்தம்.

மிதப்பதில் இன்னொரு கணக்கு: பனிக்கட்டி 0.917, தண்ணீர் 1. இரண்டையும் வகுத்தால் எவ்வளவு பங்கு நீருக்குள் இருக்கும் என்று வந்துவிடும், 91.7 சதவீதம். கடல்நீர் சுமார் 1.025 என்பதால் பனிப்பாறைக்கு 0.917 ÷ 1.025, அதாவது கிட்டத்தட்ட 89.5 சதவீதம் உள்ளே.

நம் ஊர் விவசாயிகள் இதை விதை நெல்லில் பயன்படுத்துகிறார்கள். நல்ல தண்ணீரில் ஒரு புது முட்டையைப் போட்டால் அடியில் போய்விடும். உப்பைக் கரைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் முட்டை மேலே வந்து, அதன் ஓடு பழைய 25 காசு அளவுக்குத் தண்ணீருக்கு வெளியே தெரியும். அப்போது கரைசல் தயார். அதில் விதையைக் கொட்டினால் பதரும் அரைகுறையாக முற்றிய நெல்லும் மிதக்கும், முற்றிய நெல் மூழ்கும். மிதப்பதை அள்ளி எறிந்துவிட்டு, மூழ்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும், உப்பு ஒட்டியிருந்தால் முளைப்பு கெடும். முட்டை இங்கே வேலை செய்வது ஒரு அளவுகருவியாக.

தங்கம், கிரீடம், சமையலறைத் தராசு

ஆர்க்கிமிடீஸ் கதை தெரியாதவர்கள் இல்லை. சிராகூஸ் மன்னன் ஹியரோவின் கிரீடத்தில் வெள்ளி கலந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க, நிரம்பிய பாத்திரத்தில் கிரீடத்தை முக்கி வழிந்த நீரை அளந்தார் என்பார்கள். நம்மிடம் இப்போது சூத்திரம் இருக்கிறது, கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

1 கிலோ சுத்தத் தங்கம்: 1000 ÷ 19.3 = 51.8 செ.மீ³. அதில் 300 கிராமை எடுத்துவிட்டு வெள்ளி சேர்த்திருந்தால், 700 ÷ 19.3 = 36.3, 300 ÷ 10.5 = 28.6, மொத்தம் 64.9. வித்தியாசம் 13 செ.மீ³. கிரீடம் நுழையும் அளவுக்கு 20 செ.மீ விட்டமுள்ள பாத்திரம் என்றால் அதன் பரப்பு சுமார் 314 செ.மீ². 13 ÷ 314 = 0.04 செ.மீ. அரை மில்லிமீட்டர்கூட இல்லை. அந்தக் காலத்துப் பாத்திரத்தில் இதைக் கண்ணால் பிரித்தறிவது பெரும்பாடு. 1586இல், 22 வயதுக் கலிலியோ இந்தக் கதையை நம்பாமல், பொருளைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுக்கும் தராசு ஒன்றை விவரித்துக் குறுநூல் எழுதினார். நகை உரசாமல் அடர்த்தி பார்க்கும் கருவிகள் இன்றும் அந்த வழியில்தான் வேலை செய்கின்றன.

இதை நீங்கள் சமையலறைத் தராசில் செய்யலாம், சின்னப் பொருள்களுக்கு அளவு ஜாடியைவிட இதுவே நல்ல முறை. ஒரு கிண்ணத்தில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவாருங்கள். பொருளை நூலில் கட்டி, அடியையோ சுவரையோ தொடாமல் தண்ணீருக்குள் முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். கை நடுங்கும், அதனால் இரண்டு டப்பாக்களின் மேல் ஒரு அடிக்கோலைக் குறுக்கே வைத்து அதில் நூலைக் கட்டிவிடுவது நல்லது. தராசில் ஒரு எண் தெரியும். தண்ணீர் பொருளை மேலே தள்ளுகிறது, பொருள் தண்ணீரை அதே அளவுக்குக் கீழே தள்ளுகிறது, அந்தத் தள்ளல்தான் தராசில் விழுகிறது. அது பொருள் விலக்கிய தண்ணீரின் நிறைக்குச் சமம். தண்ணீர் 1 கிராமுக்கு 1 செ.மீ³ என்பதால் தராசில் தெரியும் எண்ணே பொருளின் பருமன்.

ஒரு பித்தளைக் குங்குமச்சிமிழை அளந்தோம். நிறை 68 கிராம். மூடியைக் கழற்றி, உள்ளே காற்று இல்லாமல் இரண்டையும் நூலில் கோத்துத் தொங்கவிட்டபோது தராசு 8 காட்டியது. 68 ÷ 8 = 8.5, பித்தளைக்கு எதிர்பார்க்கும் எண். மூடியைப் போட்டபடி முக்கியிருந்தால் உள்ளே இருக்கும் காற்றும் பருமனில் சேர்ந்து விடை எங்கேயோ போயிருக்கும். உள்ளே அரக்கு நிரப்பிய நகைக்கும், கல் பதித்த நகைக்கும் இந்த முறை ஒத்துவராது என்பதற்கும் அதுதான் காரணம்.

கலவைக் கணக்கு ஒன்றையும் இங்கேயே முடித்துவிடலாம். 916 நகையில் 100 கிராமுக்கு 91.6 கிராம் தங்கம். மீதி 8.4 கிராமும் செம்பு என்று வைத்துக்கொள்வோம். பலர் 0.916 × 19.3 + 0.084 × 8.96 என்று போட்டு 18.4 என்பார்கள். தவறு. அடர்த்திகளை நிறையின் பங்கில் சராசரி எடுக்கக் கூடாது. பருமன்களைத் தனித்தனியாகக் கண்டுபிடித்துக் கூட்டுங்கள்: 91.6 ÷ 19.3 = 4.75, 8.4 ÷ 8.96 = 0.94, மொத்தம் 5.69. 100 ÷ 5.69 = 17.6 கிராம்/செ.மீ³. எந்தக் கலவைக் கணக்கிலும் மொத்த நிறை ஒரு பக்கம், மொத்தப் பருமன் ஒரு பக்கம், கடைசியில் ஒரே ஒரு வகுத்தல்.

பருமனாகக் கொடுத்திருந்தால் நிறையைக் கண்டுபிடித்துக் கூட்டுங்கள். 1.030 அடர்த்தியுள்ள பால் 4 லிட்டர், தண்ணீர் 1 லிட்டர்: 4.12 + 1 = 5.12 கிலோ, 5 லிட்டரால் வகுத்தால் 1.024. பால்மானியில் (பாலில் மிதக்கவிட்டு அடர்த்தி பார்க்கும் கருவி, 1.030 என்பதை 30 என்று காட்டும்) 30 காட்டிய இடத்தில் இப்போது 24 காட்டும், அதை வைத்துத்தான் தண்ணீர் கலந்ததைப் பிடிக்கிறார்கள். ஆனால் கொழுப்பு தண்ணீரைவிட லேசானது, ஆடையை எடுத்துவிட்டால் பாலின் அடர்த்தி கூடும். ஆடையையும் எடுத்து, தண்ணீரையும் கலந்தால் பால்மானி பழைய எண்ணையே காட்டலாம். அதனால்தான் கொழுப்பையும் தனியாகச் சோதிக்கிறார்கள்.

வெப்பநிலையைக் குறிக்காமல் விடாதீர்கள்

சூடானால் பொருள் விரியும். நிறை அப்படியே இருக்கும், பருமன் கூடும், அடர்த்தி குறையும். மறுபடி எண்ணெய் பாக்கெட்டுக்கு வருவோம். ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரி செல்சியஸில் சுமார் 919 கிராம், 60 டிகிரியில் சுமார் 893 கிராம். சில நிறுவனங்கள் பாக்கெட்டில் 60 டிகிரியில் 1 லிட்டர் என்று அச்சடித்து விற்றன, அப்படிப் போட்டால் கிராம் குறைவாக வைத்தாலும் 1 லிட்டர் என்று சொல்லிக்கொள்ளலாம். 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, வெப்பநிலையைக் குறிப்பிடாமல் நிகர அளவை அச்சிட வேண்டும், அது பாக்கெட்டில் போட்டிருக்கும் எடையோடு பொருந்த வேண்டும் என்று எண்ணெய் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. ஒன்பதாம் வகுப்புச் சூத்திரம் ஒன்று அரசு உத்தரவுக்குக் காரணமாக இருந்திருக்கிறது. பெட்ரோல் பங்கில் டென்சிட்டி என்று எழுதிவைத்திருப்பதும் 15 டிகிரிக்குக் கணக்கிட்ட எண்தான், பெட்ரோலுக்கு அது 720 முதல் 775 கி.கி/மீ³ வரை இருக்க வேண்டும்.

தண்ணீர் மட்டும் கொஞ்சம் வேறுமாதிரி. 4 டிகிரியில்தான் அதன் அடர்த்தி மிக அதிகம், அதற்குக் கீழே குளிர்ந்தால் மறுபடி விரிகிறது, பனிக்கட்டியாக உறையும்போது இன்னும் அதிகமாக விரிகிறது. ஃப்ரீசரில் மறந்துவைத்த கண்ணாடி பாட்டில் உடைவதும், குளிர்நாட்டு ஏரிகள் மேலிருந்து உறைவதும் இதனால்தான்.

தூத்துக்குடி உப்பளத்தில் ஒரு கணக்கு

கடைசியாக ஒன்றை நீங்களே போட்டுப் பாருங்கள். உப்பளத்தில் தண்ணீரின் அடர்த்தியை பாமே அளவுகோலில், டிகிரி கணக்கில் அளக்கிறார்கள். இந்த டிகிரிக்கும் வெப்பத்துக்கும் சம்பந்தமில்லை. கண்ணாடி மிதவைக் கருவியைத் தண்ணீரில் விட்டு, எவ்வளவு மூழ்குகிறது என்று அதன் கழுத்தில் இருக்கும் கோட்டைப் படிப்பார்கள். கடல்நீர் 3 முதல் 3.5 டிகிரி. வெயிலில் வற்ற வற்ற பாத்தி பாத்தியாக மாற்றி, 25 டிகிரி பக்கம் வரும்போது உப்பு பூக்கத் தொடங்கும். டிகிரியிலிருந்து ஒப்படர்த்தி கண்டுபிடிக்க, 145ஐ (145 − டிகிரி) ஆல் வகுக்க வேண்டும்.

3.5 டிகிரிக்கு 145 ÷ 141.5 = 1.025, மேலே கடல்நீருக்குச் சொன்ன அதே எண். 25 டிகிரிக்கு 145 ÷ 120 = 1.208. அதாவது வீட்டுக் குழாயில் பிடித்தால் 10 கிலோ இருக்கும் 10 லிட்டர் வாளித் தண்ணீர், உப்பு பூக்கும் பாத்தியில் மொண்டால் 12 கிலோவுக்கு மேல் இருக்கும். அதில் முட்டையைப் போட்டால் 25 காசு அளவு இல்லை, இன்னும் நன்றாக மேலே எழும்பி நிற்கும்.